"லைன் இல்ல, டீச்சர்"



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது முதல் இன்றுவரை அவர் மிகுதியாகக் கேட்ட வாக்கியம் எது என்று. "லைன் இல்ல, டீச்சர்" என்பதாகத்தான் இருக்கும். இயங்கலைப் பாடத்திற்கு வராத மாணவனும் அதைத்தான் சொன்னான். இடுபணியை அனுப்பாத மாணவியும் அதைத்தான் சொன்னாள். பெற்றோரும் புலனத்தில் அதையே எழுதினர். நாமும் ஒன்றும் கேட்காமல் பதிவேட்டில் அப்படியே குறித்துக்கொண்டோம். பள்ளிகள் மீண்டும் திறந்து ஆண்டுகள் சில ஆகிவிட்டன. ஆயினும் பள்ளி வழங்கிய பலகைக் கணினியைக் கையில் வைத்துக்கொண்டு அதே வாக்கியத்தைத்தான் நம் பிள்ளைகள் இன்றும் சொல்கின்றார்கள்.

என் கருத்து இதுதான். "லைன் இல்லை" என்பது ஒரு நோயின் பெயர் இல்லை; "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்ற பொதுவான முறையீடு. அதற்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பத்து வயதுப் பிள்ளை தானே கண்டறிந்து தீர்க்க முடியும். அதைக் கற்பிக்க வேண்டியது தமிழ்ப்பள்ளி; கற்பிக்க வேண்டிய மொழி தமிழ்.

மறுப்பு ஒன்று உடனே எழும் என்பதை அறிவேன். இணையமே எட்டாத இடங்கள் இந்நாட்டில் இல்லையா? இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இயங்கலைத் தேர்வெழுதுவதற்காக மரத்தின்மீது ஏறி அமர்ந்ததை நாடே கண்டது. மரமேற வேண்டியவர்களுக்குக் கோபுரம் வேண்டும். அதில் கருத்து வேறுபாடே கிடையாது. தோட்டப்புறங்களில் இன்றும் அந்நிலை உண்டு. ஆனால் என் வகுப்பில் "லைன் இல்லை" என்ற பிள்ளைகளுள் பெரும்பாலோரின் வீட்டுக் கூடத்தில் திசைவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவின் கைப்பேசியில் வலையொளி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிள்ளையின் கையிலிருந்த பலகைக் கணினி மட்டும் ஊமையாகக் கிடந்தது.

கருவிகளைக் கொடுப்பதில் நாம் குறைவைக்கவில்லை. 2011-இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் நாடு முழுவதும் பள்ளிகளுக்கு இணையத்தைக் கொண்டுவர முயன்று 2019-இல் முடிவுற்றது. 2021-ஆம் ஆண்டில் செர்டிக் திட்டத்தின்வழி 150,000 கருவிகளை வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழங்கும் பணி தொடங்கியது. டெலிமா தளமும் வந்தது. இவற்றின் நிறைகுறைகளை வேறொரு நாள் பேசலாம். கருவியை எப்படித் திறப்பது, எந்தச் செயலியில் எதை அழுத்துவது என்பதையெல்லாம் பட்டறை வைத்து நமக்குச் சொன்னார்கள். இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில் ஓவர்ஹெட் புரொஜெக்டரின் விளக்கை மாற்றுவதற்குக்கூட ஒரு பாடவேளை ஒதுக்கினார்கள்! பயிற்றுத் துணைப்பொருள் பழுதானால் ஆசிரியர் திகைத்து நிற்கக்கூடாது என்று விரிவுரையாளர் சொல்வார். அந்த எண்ணம் எங்கே போயிற்று?

இனி விடயத்திற்கு வருவோம்.

என் மாணவர்களுக்கு நான் தண்ணீரைக் கொண்டுதான் விளக்குகின்றேன். குழாயைத் திறக்கின்றோம், தண்ணீர் வரவில்லை. குழாய் கெட்டிருக்கலாம், கூரைத் தொட்டி காலியாக இருக்கலாம், ஊருக்கே தண்ணீர் நின்றிருக்கலாம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு, அதிலும் சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு, தண்ணீர்த் தடையைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதே இல்லை. தொட்டி காலியாக இருக்கும்போது குழாயைக் கழற்றி உடைப்பவர் எவரும் இல்லை. பக்கத்து வீட்டில் வருகின்றதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இணையமும் அவ்வாறே மூன்று கட்டங்களாக வருகின்றது. பலகைக் கணினியிலிருந்து திசைவிவரை அருகலை. திசைவியிலிருந்து சேவை நிறுவனம்வரை கம்பியோ அலையோ. அதற்கப்பால் நாம் தேடிச்செல்லும் தளம். எந்தக் கட்டத்தில் அறுந்திருக்கின்றது என்று கண்டுபிடித்தால் வேலை பாதி முடிந்தது.

திரையின் மேல்மூலையிலுள்ள விசிறிக் குறியைப் படிக்கத் தெரிந்தால் போதும். விசிறியே இல்லையென்றால் பலகைக் கணினி திசைவியோடு பேசவே இல்லை. விசிறி முழுதாக நிறைந்திருந்து அருகில் ஆச்சரியக்குறி நின்றால், திசைவிவரை போய்ச் சேர்ந்தாயிற்று. அதற்கு மேல்தான் கோளாறு. இந்த இரண்டாவது நிலையைத்தான் நம் பெற்றோர் பலர் புரிந்துகொள்வதில்லை. "கோடு எல்லாம் ஃபுல்லா இருக்கு டீச்சர், ஆனா ஓட மாட்டேங்குது" என்பார்கள். கோடு நிறைந்திருப்பது குழாய் நன்றாயிருக்கின்றது என்பதற்கு மட்டுமே சான்று. தொட்டியில் தண்ணீர் உண்டா என்பது வேறு கேள்வி. முன்பணச் சிம் அட்டை போட்ட திசைவியில் தரவு தீர்ந்துபோன வீடுகளில் நடப்பது இதுதான். அங்கே பிள்ளை எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்தாலும் பயனில்லை.

அம்மாவின் கைப்பேசி வேலை செய்யும்போது பலகைக் கணினி மட்டும் செய்யாதிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதனால் பொய்யர் பட்டம் சுமந்த பிள்ளைகள் உண்டு. பல வீடுகளில் திசைவி கிடையாது. அம்மாவின் கைப்பேசியிலிருந்து பகிரலையைத் திறந்துவிட்டுத்தான் பிள்ளை படிக்கின்றது. நம் நாட்டில் விற்கப்படும் முன்பணத் திட்டங்கள் பலவற்றில் "அளவற்ற இணையம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் பகிரலைக்குத் தனி அளவு வைத்திருப்பார்கள், சிறிய எழுத்தில்! அந்த அளவு தீர்ந்ததும் கைப்பேசியில் இணையம் ஓடும். அதிலிருந்து பகிர்ந்த கருவிக்கு மட்டும் வராது. அம்மா தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தானே இருக்கு, பாடம் படிக்காம ஏமாத்துறியா?" என்று பிள்ளையை அதட்டுகின்றார். ஆசிரியரும் அம்மாவை நம்புகின்றார். பிள்ளை சொன்னதோ முழு உண்மை. திட்டத்தின் செயலியைத் திறந்து பகிரலை அளவு எவ்வளவு மிச்சமிருக்கின்றது என்று பார்க்க ஒரு நிமிடமும் ஆகாது. ஆனால் அப்படியொன்று இருக்கின்றது என்றே அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லையே!

பகிரலையில் இன்னும் சிறுசிறு தொல்லைகள் உண்டு. எந்தக் கருவியும் சேராமல் சற்று நேரம் கழிந்தால் சில கைப்பேசிகள் பகிரலையைத் தாமே அணைத்துவிடும். ஐபோன் என்றால் பகிரலைப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தால்தான் பிற கருவிகளின் பட்டியலில் பெயர் எளிதில் தோன்றும். பகிரலையை 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விட்டால் விலை குறைந்த பலகைக் கணினிகள் பலவற்றின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கைப்பேசி அமைப்பில் 2.4-க்கு மாற்ற வேண்டும்.

அலைவரிசையைப் பற்றிப் பேசும்போதே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். திசைவியின் பெயர் இரண்டாகத் தெரியும். ஒன்றன் கடைசியில் "5ஜி" என்றிருக்கும். அது புதிய தலைமுறைக் கைப்பேசிச் சேவையைக் குறிப்பதன்று. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதன் சுருக்கம் மட்டுமே. அருகில் இருந்தால் அது விரைவானது. ஆனால் சுவர்களைக் கடக்கும்போது 2.4-ஐ விட விரைவில் மெலிந்துவிடும். வரிசை வீடுகளில் திசைவி முன்கூடத்துத் தொலைக்காட்சியின் பின்னால் தரையோடு கிடக்கும். பிள்ளையோ சத்தம் இல்லாத இடம் என்று பின்பக்கச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்திருக்கும். இடையில் இரண்டு செங்கல் சுவர், ஒரு குளிர்பதனப் பெட்டி, சில வீடுகளில் மீன்தொட்டி. தண்ணீரும் உலோகமும் இவ்வலைகளுக்கு எதிரிகள். நுண்ணலை அடுப்பு ஓடும் நேரத்தில் 2.4 அலைவரிசை தடுமாறுவதும் உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அலைவெண்ணைப் பயன்படுத்துகின்றன. திசைவியை மேசைமீது எடுத்து வைப்பதற்கும், பிள்ளையைப் பத்தடி முன்னால் நகர்த்துவதற்கும் ஒரு சென்னும் செலவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாரின் திசைவிகள் எல்லாம் ஒரே தடத்தில் முட்டிமோதுவது வேறு கதை. அதை வீட்டில் உள்ள பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னைப் பெரிதும் வியக்கவைத்த கோளாறு கடிகாரம்தான். அருகலை சேர்ந்திருக்கும், விசிறி நிறைந்திருக்கும், ஆச்சரியக்குறியும் இராது; ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று உலாவி மறுத்துவிடும். காரணம், கருவியின் நாள்காட்டி தவறாக இருப்பது. ஒவ்வொரு பாதுகாப்பான தளத்திற்கும் சான்றிதழ் ஒன்று உண்டு. அது எந்நாள் முதல் எந்நாள்வரை செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கருவியின் கணக்கில் இன்று 2018 என்றிருந்தால், இப்போதைய சான்றிதழ் இன்னும் பிறக்காத சான்றிதழாகிவிடுகின்றது. உலாவி ஏற்க மறுக்கின்றது. நாள்காட்டி எப்படி மாறியது? நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்! சில விளையாட்டுகளில் உயிர் தீர்ந்துவிட்டால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு நாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் காத்திருக்கத் தேவையில்லை. நகர்த்தியவர்கள் திரும்ப வைக்க மறந்துவிடுகின்றார்கள். இதை வகுப்பில் விளக்கியபோது பின்வரிசையில் மூவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதைக் கண்டேன். நாளை மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு அருகலையைச் சரிசெய்யத் தெரியாது என்று இனியும் யாராவது சொல்ல முடியுமா?

பள்ளிக்கூடத்து நிலை சற்று மாறுபட்டது. முப்பது பலகைக் கணினிகளை ஒரே நேரத்தில் திறந்தால் முதல் பதினைந்து இருபது சேர்ந்துகொள்கின்றன. மற்றவை "முகவரி பெறப்படுகின்றது" என்று சுழன்றுகொண்டே இருக்கின்றன. திசைவி தன்னிடம் வருகின்ற ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரியைக் கடனாகக் கொடுக்கின்றது. கொடுக்க வைத்திருக்கும் முகவரிகள் தீர்ந்துவிட்டாலோ, சிறிய திசைவி அத்தனைக் கருவிகளையும் தாங்காமல் திணறினாலோ, அடுத்து வருகின்ற கருவி வெறுங்கையோடு நிற்கும். முகவரி 169.254 என்று தொடங்கினால், திசைவி தரவில்லை, கருவி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை "என் கணினி கெட்டுப்போச்சு" என்று அழாது. ஆசிரியரும் ஐந்து ஐந்து பேராகத் திறக்கச் சொல்லலாம். அதோடு, நெடுநாள் பூட்டிவைத்த கருவிகள் திறந்தவுடனே புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கிவிடும். முப்பதும் ஒன்றாக இறக்கினால் பாடத்திற்கு மிஞ்சுவது என்ன? முதல்நாளே மின்னேற்றி, புதுப்பித்து வைப்பதே நல்லது.

சில பள்ளிகளில் பதிவுசெய்த கருவிகளை மட்டுமே இணைப்பில் அனுமதிக்கின்றார்கள். பாதுகாப்பிற்கு நல்லதுதான். ஆனால் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐபேட் இயங்குதளம் 14 ஆகியவை முதற்கொண்டு, கருவிகள் தம் உண்மையான வன்பொருள் முகவரியை மறைத்துப் புனைமுகவரி ஒன்றைக் காட்டுகின்றன. பட்டியலில் உள்ள முகவரி ஒன்று, வாசலில் வந்து நிற்பது இன்னொன்று. காவலர் எப்படி உள்ளே விடுவார்? அந்த இணைப்புக்கு மட்டும் புனைமுகவரியை நிறுத்திவைத்தால் போதும். எங்களைப் போன்ற சிறிய பள்ளிக்குத் தனித் தொழில்நுட்பர் கிடையாது. பல பள்ளிகளுக்கு ஒருவர். அவர் வரும்வரை இரண்டு வாரம் கருவிகள் பெட்டியில் உறங்குகின்றன.

உறங்கினால்கூடப் பரவாயில்லை. அவசரப்பட்டு அவற்றைக் கொன்றுவிடுகின்றோமே, அதுதான் என் மனத்தாங்கல். "ரீசெட் பண்ணுங்க" என்று யாராவது சொன்னவுடன் எல்லாவற்றையும் அழித்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. இணைப்பு அமைப்புகளை மட்டும் மீளமைப்பது வேறு. சேமித்த அருகலைக் கடவுச்சொற்களும் ஊடலை இணைப்புகளும் மட்டும் போகும். கருவி முழுவதையும் வெறுமையாக்குவது வேறு. பொத்தான்களை அழுத்திப்பிடித்து ஓர் ஆண்ட்ராய்டு கருவியை வெறுமையாக்கினால், முன்பு அதில் இருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் கணக்கு யாருடையது? போன ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட மாணவனுடையது! அந்நிலையில் எத்தனைக் கருவிகள் அலமாரிகளில் கிடக்கின்றன என்பதைத் தலைமையாசிரியர்கள் அறிவார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். நான் மாணவர்களுக்கு வைத்திருக்கும் வரிசை சிறியதிலிருந்து பெரியதை நோக்கிச் செல்வது. விசிறியைப் பார். அருகில் உள்ளவருக்கு வருகின்றதா என்று கேள். விமான நிலையைப் போட்டு எடு. நாளையும் நேரத்தையும் பார். அந்த இணைப்பை "மற"க்கச் செய்து, கடவுச்சொல்லைப் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்த்து மீண்டும் இடு. கருவியை அணைத்துப் போடு. வீடாக இருந்தால் பெரியவரிடம் சொல்லித் திசைவியின் மின்னிணைப்பை அரை நிமிடம் எடுத்து மீண்டும் போடச் சொல். இதற்கு மேல் எதையும் தொடாதே, ஆசிரியரிடம் வா. அவ்வளவுதான். நான்காம் ஆண்டு மாணவர்கள் இதை ஒரே பாடவேளையில் பிடித்துக்கொண்டார்கள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கடவுச்சொல் இல்லாத திறந்த இணைப்பு கண்ணில் பட்டால் சேரக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவைத்தேன். யார் வீட்டுக் கிணறு என்று தெரியாமல் நீர் அருந்துவதில்லை அல்லவா?

சக ஆசிரியர் ஒருவர், "பிள்ளைகள் கையில் அமைப்புகளைத் திறந்துவிட்டால் எதையாவது கெடுத்துவிடுவார்களே" என்றார். அவர்கள் ஏற்கெனவே திறந்துதான் வைத்திருக்கின்றார்கள் என்பதற்குக் கடிகாரமே சான்று. இன்னொருவர், "நமக்குப் பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை" என்றார். அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் இணைப்பில்லாமல் வீணாகும் பாடவேளைகளைக் கூட்டிப் பார்த்தால் அரை மணி நேரம் பெரிதாகத் தோன்றாது.

ஏன் தமிழில் என்று கேட்கலாம். என் மாணவர்களின் கருவிகள் சில மலாயில் "தெத்தாப்பான்" என்கின்றன. சில ஆங்கிலத்தில் "செட்டிங்ஸ்" என்கின்றன. பிள்ளைகள் சொல்லைப் பார்ப்பதில்லை. பற்சக்கரப் படத்தைப் பார்த்து அழுத்துகின்றார்கள். படத்தைக் கொண்டு அழுத்தலாம்; ஆனால் என்ன கோளாறு என்று விளக்கச் சொல் வேண்டுமே! அருகலை, பகிரலை, திசைவி, கடவுச்சொல், முகவரி என்ற ஐந்து சொற்களைக் கொடுத்த பிறகு என் மாணவி ஒருத்தி எழுதிய செய்தி: "டீச்சர், அருகலை இருக்கு, திசைவிக்குத்தான் லைன் வரல, அப்பா இன்னிக்கு ராத்திரி டாப்-அப் போடுவார்." முழுத்தூய தமிழ் இல்லைதான். எனக்கு அது போதும். அன்றிரவு பதினொரு மணிக்கு அவளுடைய இடுபணி வந்து சேர்ந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கின்றேன். எங்கள் பள்ளியின் திசைவி திருட்டுக்கு அஞ்சி அலுவலகத்து இரும்பு அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றது. இரும்புப் பெட்டிக்குள் இருந்து அலை எப்படி மூன்றாம் ஆண்டு வகுப்பறைவரை நடந்து வரும்? நடைவழிச் சுவரில் உயரமாக, நெகிழிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். கம்பி வலைக் கூண்டு வேண்டாம், அதுவும் உலோகம்தான். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கின்றார்.